ஒரு ராணுவ வீட்டின் 58 கடிதங்கள்: கோதுமைப் பால், மஞ்சள், செலோ டேப்

பீரோவின் மேலிருந்த பிஸ்கட் டின்னை இறக்கியபோது உள்ளே தண்ணீர் சலசலத்தது. ஐப்பசி மழையில் கூரையின் மூலை ஒழுகியிருக்கிறது, யாரும் கவனிக்கவில்லை. மூடியைத் திறந்தால் துரு வாடையும் பாச்சை உருண்டை வாடையும் சேர்ந்து மூக்கில் ஏறின. உள்ளே அப்பா 1968 முதல் 1974 வரை ராணுவத்திலிருந்து எழுதிய 41 கடிதங்கள். பெரும்பாலும் நீல இன்லாண்ட், எழுதி மடித்து ஓரத்தை ஒட்டி அனுப்பும் ஒற்றைத் தாள். அடியில் கிடந்த ஏழெட்டு, நனைந்த அப்பளம் போல ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன.

அப்பாவின் கறுப்பு ட்ரங்குப் பெட்டி பக்கத்திலேயே இருந்தது. அதில் ஈரம் இறங்கவில்லை. வீட்டிலிருந்து அவருக்குப் போன கடிதங்களில் 17ஐ அவர் எங்கெங்கோ சுமந்து கடைசியில் ஊருக்கே கொண்டுவந்து சேர்த்திருந்தார். ஆக மொத்தம் 58.

நான் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை பார்க்கிறேன். பழைய தாள்களைப் பராமரிப்பது பற்றி இரண்டு வாரப் பயிற்சிக்குப் போயிருக்கிறேன். அவ்வளவுதான் என் தகுதி. அரசு ஆவணக் காப்பகத்தில் வேலை செய்கிறவர்கள் இதைப் படித்தால் சில இடங்களில் தலையில் அடித்துக்கொள்வார்கள். அடித்துக்கொள்ள வேண்டிய இடங்களை மறைக்காமல் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் வேலூருக்குத் தெற்கே, ராணுவப்பேட்டை என்றே பெயர் வாங்கிய கம்மவான்பேட்டைக்குப் பக்கம். வீட்டுக்கு ஒருவராவது பட்டாளத்துக்குப் போன பகுதி. அப்பா மெட்ராஸ் சாப்பர்ஸ் என்கிற பொறியியல் படைப்பிரிவில் சேர்ந்தவர். பெங்களூரில் அல்சூர் ஏரிப் பக்கம் பயிற்சி. அந்தப் படையினரை ராணுவம் முழுக்க ‘தம்பி’ என்றுதான் கூப்பிடுவார்களாம். பழைய கூட்டாளிகள் அப்பாவைத் தம்பி என்று அழைப்பதைப் பார்த்துச் சிறுவயதில் எனக்குக் குழப்பமாக இருக்கும்.

முதலில் உலர்த்தல், பிறகு வரிசை

ஈரத் தாளை வெயிலில் போடக் கை பரபரத்தது, போடவில்லை. வெயில் தாளைச் சுருட்டும், மையை வெளிறச் செய்யும். கூடத்தில் வேட்டியை விரித்து, பிரிந்து வருபவற்றை மட்டும் பிரித்து, மின்விசிறியைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்து நிழலில் உலர்த்தினேன். மூன்று நாள் யாரும் கூடத்தில் காலை வைக்கக்கூடாது என்று உத்தரவு. அம்மா மட்டும் ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்து, பறக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

வரிசைப்படுத்துவதுதான் எனக்குப் பிடித்த வேலை. அப்பா தேதி போடுவார், ஆண்டு போட மாட்டார். தாத்தா ஆண்டு போடுவார், ஆனால் விரோதிகிருது, பரிதாபி என்று போடுவார். ராணுவ முகவரியில் ஊர் இருக்காது. எண், பெயர், படைப்பிரிவு, பிறகு ‘56 ஏ.பி.ஓ.’, அதாவது ராணுவத் தபால் நிலைய எண். காஷ்மீரில் இருந்தாலும் ராஜஸ்தானில் இருந்தாலும் அதே 56தான். கடிதத்தின் உள்ளேயும் இடம் எழுதக்கூடாது, ஆள் எண்ணிக்கை எழுதக்கூடாது, எங்கே நகர்கிறோம் என்று எழுதக்கூடாது. ஆகவே உள்ளடக்கத்தை வைத்து நாள் கண்டுபிடிப்பது கஷ்டம். மேலுறையை வைத்துத்தான் முடிந்தது.

களத் தபால் நிலைய முத்திரை தெளிவாக விழுந்திருந்தால் கவலை இல்லை. முத்திரை மங்கிய இடங்களில் இரண்டு அடையாளங்கள் கைகொடுத்தன. பின்கோடு 1972 ஆகஸ்ட் 15 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. முகவரியில் ஆறு இலக்க எண் இருந்தால் அது அதற்குப் பிந்தியது. இன்னொன்று, வங்கதேச அகதிகளுக்காக 1971 நவம்பர் 15 முதல் தபாலுக்கு 5 காசு கூடுதல் வரி போட்டார்கள். குடும்பக் கட்டுப்பாட்டுக்காக வெளியிட்டிருந்த சிவப்பு 5 காசுத் தபால்தலையின் மேலேயே ‘அகதிகள் நிவாரணம்’ என்று இந்தியிலும் ஆங்கிலத்திலும் அச்சிட்டு, இன்லாண்டில் தனியாக ஒட்டச் செய்தார்கள். தாத்தா அனுப்பிய ஒன்பது இன்லாண்டுகளில் அந்தச் சின்னத் தலை இருக்கிறது. போர் எங்கோ எல்லையில் நடந்தது என்கிறோம்; எங்கள் ஊர்த் தபால் பெட்டியில் 5 காசாக வந்து அது ஒட்டிக்கொண்டிருக்கிறது.

உள்ளே இருப்பதைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால், உச்சியில் பிள்ளையார் சுழி, முருகன் துணை, பிறகு ‘நலம். நலமறிய அவா. நிற்க.’ அந்த ‘நிற்க’வுக்குப் பிறகுதான் விஷயம் தொடங்கும். மல்லாட்டை மூட்டை என்ன விலை போனது, இடது மாட்டுக்குக் கோமாரி ஆறியதா, கிணற்றுக்கு மோட்டார் வைக்கக் கூட்டுறவுக் கடன் கிடைக்குமா, மணியார்டர் வந்ததா. எல்லாம் தாத்தாவுக்கு எழுதியவை. கடிதம் வந்தால் திண்ணையில் உட்கார்ந்து உரக்கப் படிக்கும் காலம். மனைவிக்கென்று தனியாக ஒரு வரி எழுத வழியில்லை. கல்யாணமாகி மூன்று ஆண்டுகளில் வந்த 22 கடிதங்களில் அம்மா ‘வீட்டிலுள்ள மற்றவர்களையும் கேட்டதாகச் சொல்லவும்’ என்பதற்குள் அடக்கம். “அந்த மற்றவர்கள் நான்தான்” என்று அம்மா விளக்கம் சொன்னாள்.

இன்லாண்டின் நோய்

இன்லாண்டைப் பிரித்தவர்களுக்குத் தெரியும்: ஒட்டிய மடலைக் கிழிக்கும்போது இரண்டு மூன்று எழுத்துகள் கூடவே போய்விடும். எழுதுகிறவர் கடைசியில் இடம் போதாமல் மடல் ஓரம் வரை எழுதியிருப்பார். கையெழுத்து, தேதி, முக்கியமான கடைசிச் செய்தி எல்லாம் அங்கேதான் இருக்கும். எங்கள் 58இல் முப்பதுக்கும் மேற்பட்டவற்றில் இந்தச் சேதம்.

ஆனால் அந்த எழுத்துகள் எங்கும் போகவில்லை. மடலின் உட்பக்கப் பசையில் மெல்லிய நார்களாக, தலைகீழாக, ஒட்டிக்கொண்டிருக்கின்றன. உருப்பெருக்கியில் பார்த்தால் ‘ம்’ ஒரு பக்கமும் அதன் புள்ளி மறு பக்கமும் கிடக்கும். மடலின் பசை மீது சற்றே ஈரமான பஞ்சை அரை நிமிடம் வைத்து, மெல்லிய தகட்டால் நாரைத் தூக்கி, பழைய இடத்தில் பொருத்தினேன். ஒரு கடிதத்துக்கு ஒரு மாலை பிடித்தது. ‘மாட்டை விற்க வே’ என்று அறுந்து நின்ற ஒரு வரி ‘வேண்டாம்’ என்று முடிந்தபோது எழுந்து போய் காபி போட்டுக் குடித்தேன்.

இதற்கு முன் செய்ய வேண்டியது மைச் சோதனை. அதைத் தவிர்க்கவே முடியாது. ஒவ்வொரு கடிதத்திலும் கண்ணில் படாத ஒரு புள்ளியில், ஈர ஊசிமுனைப் பஞ்சை வைத்து எடுத்துப் பார்க்க வேண்டும். பஞ்சில் நீலம் ஏறினால் அது பேனா மை, தண்ணீர் அண்டக்கூடாது. பால்பாயின்ட் தண்ணீருக்குத் தாங்கும், ஸ்பிரிட்டுக்குத் தாங்காது. மூன்றாவது வகைதான் ஆபத்து: காப்பியிங் பென்சில். பார்த்தால் சாதாரணப் பென்சில் போலச் சாம்பல் நிறம். ஈரம் பட்டால் சட்டென்று ஊதாவாகிப் பரவும். உள்ளே சாயம் கலந்திருக்கிறது. அப்பாவின் நான்கு கடிதங்கள் இந்தப் பென்சிலில் எழுதியவை. முதல் கடிதத்தில் ‘நலம்’ என்பதன் ‘ந’ ஊதாவானதற்கு நானே பொறுப்பு.

தூசி எடுப்பதற்கு மென்மையான தூரிகையும் ரப்பர் துருவலும். நல்ல வெள்ளை அழிப்பானைத் தேங்காய்த் துருவியில் துருவி, அந்தத் துகளைத் தாளின் மேல் தூவி விரல் நுனியால் வட்டமாக உருட்ட வேண்டும். பென்சில் எழுத்தின் மேல் செய்யக்கூடாது. துருவி மறுபடி சமையலறைக்குள் வரக்கூடாது என்று அம்மா சொல்லிவிட்டாள்.

சுருண்டு விறைத்த கடிதங்களை நேராக்க, பெரிய மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவில் அடியில் ஈரத்துண்டு, அதன் மேல் கவிழ்த்த கிண்ணங்கள், அவற்றின் மேல் இடியாப்பத் தட்டுகள், தட்டின் மேல் கடிதம். தண்ணீர் தாளைத் தொடாது. ஈரக் காற்று மட்டும் தொடும். இரண்டு மணி நேரத்தில் இலை போலத் தளர்ந்துவிடும். எடுத்து மையொற்றுத் தாள்களுக்கு நடுவே வைத்து மேலே பாரம். பாரத்துக்குக் கரி இஸ்திரிப் பெட்டி இரண்டு. காப்பியிங் பென்சில் கடிதங்களை இந்த டப்பாவுக்குள் விடவில்லை.

அல்வாக் கடைப் பசை

கிழிசலை ஒட்ட ஜப்பானியக் கோசோ தாள் வேண்டும். வெங்காயத் தோல் போல மெல்லியது, ஆனால் நார் நீளமானது. கத்தரியால் வெட்டக்கூடாது. ஈரத் தூரிகையால் கோடு போட்டு, இரண்டு பக்கமும் இழுத்தால் ஓரத்தில் நார் பிசிறோடு கிழியும். அந்தப் பிசிறுதான் கடிதத்தோடு படிந்து பிடித்துக்கொள்ளும். இணையத்தில் வாங்கினேன், விலை கொஞ்சம் கடித்தது.

பசைதான் நான் வீட்டிலேயே செய்தது. நம் ஊர் பைண்டிங் கடைகளில் மைதாவைக் காய்ச்சி, பூச்சி வராமல் இருக்க மயில்துத்தம் போடுவார்கள். கணக்குப் புத்தகத்துக்கு அது பரவாயில்லை. ஐம்பது ஆண்டுக் கடிதத்துக்கு ஆகாது. மயில்துத்தத்தில் இருக்கும் செம்பு தாளின் நாரைச் சீக்கிரம் நொறுங்கச் செய்யும். மைதாவிலோ மாவுச்சத்தோடு புரதமும் இருக்கிறது. அது பழுக்கும், இராமபாணப் பூச்சிக்கு விருந்தாகவும் ஆகும். வேண்டியது புரதம் நீக்கிய வெறும் கோதுமை மாவுச்சத்து.

பயிற்சியில் இதைப் பொட்டலமாகக் கொடுத்தார்கள். வீட்டில் அம்மாவிடம் விளக்கிக்கொண்டிருந்தபோது, “கோதுமைப் பால் எடுக்கிறாயா? அல்வாவுக்கா?” என்றாள். அதேதான். சம்பா கோதுமையை ஊறவைத்து அரைத்து, பிழிந்து, பாலை இரவு முழுக்கத் தெளியவிட்டு, மேல் தண்ணீரை இறுத்தால் அடியில் வெள்ளையாகப் படிவது. மூன்று முறை புதுத் தண்ணீர் ஊற்றித் தெளியவைத்தோம். பிழிந்த சக்கையில் பிசுபிசுவென்று நிற்பதுதான் வேண்டாத புரதம்.

படிவில் ஒரு பங்குக்கு ஐந்து பங்கு வடிகட்டிய நீர், சிறு தீ, அரை மணி நேரம் கை ஓயாமல் கிண்டல். முதலில் பால், பிறகு கெட்டி, பிறகு கண்ணாடி போல. அம்மாவின் கை பழக்கத்தில் சர்க்கரை டப்பாவை நோக்கி நகர்ந்ததைத் தடுத்தேன். ஆறியதும் மெல்லிய துணியில் இரண்டு முறை தேய்த்து வடித்தால் வெண்ணெய் போல வரும். பூசும்போது இன்னும் நீர்த்துக்கொள்ள வேண்டும். விரலில் தொட்டால் ஒட்ட மறுக்கும் அளவுக்கு. குளிர்பெட்டியில் நான்கு நாள் தாங்கும். இந்தப் பசையின் பெருமை, பிடிப்பதில் இல்லை. பிறகு யாராவது வேண்டாம் என்று நினைத்தால் ஈரம் காட்டி எடுத்துவிடலாம் என்பதில்தான்.

மஞ்சள்

இப்போது தலையில் அடித்துக்கொள்ள வேண்டிய இடம்.

ட்ரங்குப் பெட்டியில் இருந்த 17இல் ஒரு கடிதம் நான் பிறந்த செய்தி. தாத்தா பால்பாயின்ட் பேனாவில் எழுதியது. ‘விரோதிகிருது வருடம் கார்த்திகை மாதம் 9’. ‘சுகப் பிரசவம். பெண் மகவு. தாயும் சேயும் நலம்.’ நான்கு மூலையிலும் மஞ்சள். எங்கள் ஊர் முத்திரை 1971 நவம்பர் 26. பின்னால் களத் தபால் நிலைய முத்திரை டிசம்பர் 7. கடிதம் கிளம்பியபோது அறிவிக்கப்பட்ட போர் இல்லை; டிசம்பர் 3 மாலை பாகிஸ்தான் விமானங்கள் நம் விமானத் தளங்களைத் தாக்கிய பிறகு வழியிலேயே போர் வந்துவிட்டது. அந்த நெரிசலிலும் பதினோரு நாளில் ஒரு இன்லாண்ட் போய்ச் சேர்ந்திருக்கிறது. ராணுவத் தபால்காரர்களுக்கு ஒரு கும்பிடு.

தாள் நன்றாகப் பழுத்திருந்தது. அமிலம் ஏறிவிட்டது என்று பொருள். அமிலத்தை மட்டுப்படுத்தச் சுண்ணாம்புத் தெளிநீர் ஒரு பழைய முறை. மைச் சோதனை செய்தேன், பால்பாயின்ட் அசையவில்லை. தைரியமாகத் தெளிப்பானில் ஊற்றி அடித்தேன்.

நான்கு மூலையும் ரத்தச் சிவப்பாக மாறின.

மஞ்சளில் சுண்ணாம்பு கலந்தால் என்ன ஆகும் என்று எங்கள் தெருவில் ஐந்து வயதுக் குழந்தையைக் கேட்டால் சொல்லும். வாழ்நாளில் எத்தனை ஆரத்தித் தட்டு கரைத்திருப்பேன்! காரத்தன்மை ஏறினால் மஞ்சளின் நிறப்பொருள் சிவக்கும் என்பதைப் பயிற்சிக் குறிப்பேட்டிலும் நானே எழுதி வைத்திருக்கிறேன், வேறொரு பக்கத்தில். மையைச் சோதித்தவள் மஞ்சளைச் சோதிக்கவில்லை.

மையொற்றுத் தாளால் ஒற்றி, அதற்கு மேல் ஒன்றும் செய்யாமல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். சிவப்பை எடுக்க எலுமிச்சை, வினிகர் என்று போனால் மறுபடி அமிலம். காற்றிலுள்ள கரியமில வாயு பட்டுச் சுண்ணாம்பின் காரம் மெல்லத் தணியும் என்பது மட்டும் ஆறுதல். இரண்டு நாளில் சிவப்பு இறங்கிச் செம்மண் நிறத்தில் நின்றது. பழைய மஞ்சள் திரும்பவில்லை.

அம்மாவிடம் மறைக்கலாமா என்று யோசித்தேன். காட்டினேன். கண்ணாடியைப் போட்டு நான்கு மூலையையும் பார்த்தாள். “உன் அப்பா திரும்பி வந்தபோது ஆரத்தி எடுக்க யாருக்கும் தோன்றவில்லை. ராத்திரி பஸ்ஸில் வந்து இறங்கிவிட்டார். இப்போது எடுத்ததாக இருக்கட்டும் விடு” என்றாள். அவள் மன்னித்தாலும் செய்முறையில் அது பிழைதான். மஞ்சள் பட்ட தாளில் காரம் படவே கூடாது. வெளிச்சத்திலும் நிறம் போகும். ஆகவே அந்தக் கடிதத்தை ஒரே முறை ஸ்கேன் செய்து மூடிவிட்டேன்.

டேப்

அந்தக் கடிதத்துக்கு அப்பா எழுதிய பதில்தான் டின்னிலேயே மிக மோசமான நிலையில் இருந்தது. டிசம்பர் 20 தேதியிட்டது. டாக்காவில் 16ஆம் தேதி சரணடைந்தார்கள். மேற்கு எல்லையில் 17ஆம் தேதி இரவு துப்பாக்கிகள் நின்றன. மூன்று நாள் கழித்துக் காப்பியிங் பென்சிலில் எழுதியிருக்கிறார். மற்ற கடிதங்கள் பழுத்திருந்தாலும் மடிப்புகள் முழுசாக இருந்தன. இது மட்டும் இரண்டு மடிப்பிலும் தனித்தனித் துண்டாகப் பிரிந்து, நடு மடிப்பில் குறுக்காகச் செலோ டேப் ஒட்டப்பட்டிருந்தது. எண்பதுகளில் அம்மா ஒட்டியது. டேப் கருகிய வெல்லப் பாகு நிறமாகி, அதன் அடியில் இரண்டு வரிகள் படிக்க முடியாமல் புதைந்திருந்தன.

புதைந்தாலும் எங்களுக்குக் கவலை இல்லை. அம்மாவுக்கு அந்தக் கடிதம் மனப்பாடம். சின்ன வயதிலிருந்து பொங்கலுக்குப் பொங்கல் கேட்டிருக்கிறேன். ‘பெண் பிறந்த செய்தி கிடைத்தது. மிக்க மகிழ்ச்சி. கூட இருப்பவர்களுக்குச் சர்க்கரை கொடுத்தேன். எங்களுக்கு வழி போடுகிற வேலை. பயம் ஒன்றும் இல்லை. குழந்தையின் தாயை வேளைக்குச் சாப்பிடச் சொல்லவும்.’ அம்மா முதன்முதலாக ‘மற்றவர்களி’லிருந்து பிரிந்து ‘குழந்தையின் தாய்’ ஆன கடிதம். வழி போடும் வேலை என்றதும் அப்பா ராணுவத்தில் சாலை போட்டார் என்றுதான் நான் வெகுகாலம் நினைத்திருந்தேன்.

டேப்பை எடுக்க வழக்கமான கரைப்பான் எதையும் இங்கே தொட முடியாது. ஸ்பிரிட் பட்டாலும் தண்ணீர் பட்டாலும் எழுத்து ஊதாவாக ஓடிவிடும். மிச்சம் வெப்பம்தான். முடி உலர்த்தியைக் குறைந்த சூட்டில் ஒரு சாண் தள்ளிப் பிடித்து, பசை இளகும்போது மெல்லிய தகட்டை நுழைத்து, பிளாஸ்டிக்கை மேல்நோக்கித் தூக்காமல் பின்நோக்கி மடக்கி இழுக்க வேண்டும். ஒரு முறைக்கு அரிசி நீளம். எழுத்தும் கூட எழும்புவது போலத் தெரிந்தால் நிறுத்தி, எதிர்ப் பக்கத்திலிருந்து வர வேண்டும். பதினோரு சென்டிமீட்டர் டேப்புக்கு நான்கு இரவுகள். எழுத்து இல்லாத இடங்களில் மிஞ்சிய பசையைக் கிரேப் ரப்பர் துண்டால் உருட்டி எடுத்தேன். செருப்புத் தைப்பவரிடம் அடிப்பாகம் வெட்டிய மிச்சமாக வாங்கியது. எழுத்தின் மேல் இருந்த பசையைத் தொடவில்லை. பழுப்புக் கறை அப்படியே நின்றது.

கறையின் ஊடே படிக்க ஒரு எளிய வழி இருக்கிறது. 600 டி.பி.ஐ.யில் வண்ணத்தில் ஸ்கேன் செய்து, படத்தைச் சிவப்பு, பச்சை, நீலம் என்று பிரித்து, சிவப்பை மட்டும் கறுப்பு வெள்ளையாகப் பார்க்க வேண்டும். பழுப்புக் கறை கிட்டத்தட்டத் தாளின் வெள்ளையோடு கரைந்துவிடும்; பென்சிலின் கரி கறுப்பாகவே நிற்கும். இலவச மென்பொருள் போதும். இதற்கு எனக்கு ஒரு நிமிடம்கூடப் பிடிக்கவில்லை. நான்கு இரவு டேப்போடு போராடுவதற்கு முன்பே இதைச் செய்து பார்த்திருக்கலாம்.

திரையில் வரி எழுந்து வந்தது: ‘எங்களுக்கு எல்லோருக்கும் முன்னால் போய் வழி போடுகிற வேலை. பயம் ஒன்றும் இல்லை.’

அப்பாவின் பதக்கங்களில் பஷ்சிமி ஸ்டார் இருக்கிறது. 1971இல் மேற்கு முனையில் இருந்தவர்களுக்குக் கொடுத்தது. பணி விடுவிப்புப் புத்தகத்தில் ஷகர்கர் பகுதி என்று இருக்கிறது. ராவியில் போய்ச் சேரும் பசந்தர் என்கிற ஆறு அங்கே ஓடுகிறது. ஆற்றைச் சுற்றிப் பாகிஸ்தான் படை பரப்பி வைத்திருந்த கண்ணிவெடிகளுக்கு நடுவே டாங்கிகள் போக வழி திறப்பதுதான் பொறியியல் படைக்கு வேலை. டிசம்பர் 15 இரவு வழி முழுதாகத் திறந்து முடிவதற்குள்ளேயே அக்கரையில் இருந்த காலாட்படைக்கு உதவியாக 17 ஹார்ஸ் என்கிற படைப்பிரிவின் டாங்கிகள் அதற்குள் புகுந்து கடந்தன. மறுநாள் அங்கேதான் அந்தப் பிரிவின் 21 வயது அதிகாரி அருண் கேத்ரபால் இறந்தார்; இறந்த பிறகு, போர்க்கள வீரத்துக்கான உச்ச விருதான பரம் வீர் சக்கரம் பெற்றார். கண்ணிவெடிக்கு வழி திறப்பவர்கள் மண்டியிட்டு, நீண்ட முனையைச் சாய்வாக மண்ணில் செருகிச் செருகிப் பார்த்து, வெடியை எடுத்து, இரு ஓரமும் வெள்ளைப் பட்டையால் குறியிட்டுக்கொண்டு முன்னேறுவார்கள். டாங்கிகள் அவர்களுக்குப் பின்னால்தான். அதைத் தாத்தாவுக்கு எழுத வேண்டும், பொய்யும் சொல்லக்கூடாது, தணிக்கையும் தாண்ட வேண்டும். ‘வழி போடுகிற வேலை.’

அம்மாவைக் கூப்பிட்டு வரியைக் காட்டினேன். பார்த்துவிட்டு, “ஆமாம், அப்படித்தான் இருக்கும்” என்றாள்.

“தெரியுமா உனக்கு?”

“நான்தானே படித்தேன். தாத்தா கழனிக்குப் போயிருந்தார். தபால்காரர் என் கையில் கொடுத்தார். அத்தை எதிரில் உட்கார்ந்து, படி படி என்கிறார்கள். அந்த மூன்று சொல்லையும் படித்தால் அழுவார்கள், நீ தொட்டிலில் கிடக்கிறாய், வீடே அழும். விட்டுப் படித்தேன். பிறகு கேட்டபோதெல்லாம் அப்படியே படித்தேன். அதுவே வாயில் நின்றுவிட்டது.”

“தாத்தா சாயங்காலம் வந்து படித்திருப்பாரே?”

“படித்தார். மடித்து என்னிடமே கொடுத்தார். இனிமேல் கடிதம் வந்தால் நீயே படி என்றார்.”

டேப்பை அந்த வரிக்கு மேல் வேண்டுமென்றுதான் ஒட்டினாயா என்றும் கேட்டேன். “மடிப்பு விட்டுப்போயிற்று, ஒட்டினேன்” என்று எழுந்து போனாள்.

நடு மடிப்பைக் கோசோ தாளால் பின்பக்கம் இணைத்துவிட்டேன். பசையை ஏறத்தாழ உலரவிட்டு ஒட்டியதால் ஊதா கசியவில்லை; ஒரு புள்ளி தவிர. கறையை மேலும் வெளுக்க முயலவில்லை.

மிச்சம்

லேமினேட் செய்யப்பட்ட ஒரு கடிதமும் இருக்கிறது. தொண்ணூறுகளில் என் தம்பி ஆசையாக ஒரு கடையில் கொடுத்துச் செய்தது. சூட்டில் பிளாஸ்டிக் தாளோடு ஒன்றாகிவிட்டது. என் கையால் பிரிக்க முடியாது. உள்ளே மை வெளிறிக்கொண்டே வருகிறது. ஸ்கேன் செய்து வைத்தேன். பழைய கடிதம் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து லேமினேட் மட்டும் செய்யாதீர்கள். செலோ டேப்பாவது எடுக்க வரும்.

பாதுகாப்பதற்குப் பாலியஸ்டர் உறைகள் வாங்கினேன். ஸ்டேஷனரி கடையில் கிடைக்கும் பி.வி.சி. உறை காலப்போக்கில் வாயு விட்டுத் தாளைக் கெடுக்கும். கடிதங்களை மடிக்காமல், விரித்தபடி, அமிலமில்லா அட்டைப் பெட்டியில் படுக்கை வசமாக. பாச்சை உருண்டைகளைத் தூக்கி எறிந்தேன். தஞ்சை சரசுவதி மகாலில் வசம்பு, கருஞ்சீரகம், இலவங்கம், மிளகு, பட்டை எல்லாம் பொடித்துக் கற்பூரத்தோடு துணியில் முடிந்து ஏடுகளுக்கு அருகே வைப்பது பழைய வழக்கம். அம்மா அதே போல் ஒரு முடிச்சுக் கட்டிக் கொடுத்தாள். தாளில் படாமல் பெட்டி மூலையில் வைத்திருக்கிறேன். பிஸ்கட் டின் போக வேண்டும் என்றேன். அம்மா அதைத் துடைத்து, துருவைத் தேய்த்து, கடிதங்களின் நகல்களை அதில் போட்டு மறுபடி பீரோவின் மேலேயே ஏற்றிவிட்டாள்.

58இல் 55 முடிந்தன. லேமினேட் ஒன்றைக் கழித்தால் இரண்டு பாக்கி: அடியில் நனைந்தவற்றில் இன்னும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருப்பவை. தெரிகிற மூலையில் மைச் சோதனை செய்தால் பஞ்சில் நீலம் ஏறுகிறது. ஈரம் காட்ட முடியாது, உலர்ந்தபடியே பிரித்தால் மேல் தோல் உரியும். பங்குனி வரட்டும், காற்றில் ஈரம் நன்றாகக் குறைந்ததும் தகட்டை ஓரத்தில் நுழைத்துப் பார்க்கலாம் என்று வைத்திருக்கிறேன். அவற்றில் என்ன எழுதியிருக்கும் என்று அம்மாவைக் கேட்டேன்.

“நலம், நலமறிய அவா” என்றாள். மிச்சத்தை நான் பிரித்துப் படித்துக்கொள்ள வேண்டுமாம்.